டர்ஹாம் போய் வந்த அக்காவும் பழவேற்காடு போகாத தம்பியும்

கும்மிடிப்பூண்டி என்றால் சென்னைக்காரர்களுக்கு அது ஒரு ஊர் அல்ல, மின்சார ரயிலின் நெற்றியில் எழுதியிருக்கும் ஒரு பெயர். எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி வண்டி அங்கே போய் நிற்கும். அதற்கு அப்பால் கொஞ்ச தூரத்தில் ஆந்திரா. ஊரில் இருப்பது சிப்காட், இரும்பு உருக்கும் ஆலைகள், கம்பி ரோலிங் மில்கள், லாரிகள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தங்கியிருக்கும் தொழிலாளர்கள், பல ஆண்டுகளாக இருக்கும் இலங்கைத் தமிழர் அகதி முகாம். சுற்றுலா என்ற வார்த்தைக்கும் இந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றுதான் ஊர்க்காரர்களே சொல்வார்கள்.

இந்த ஊரில் ஒரு குடும்பம். பெரியப்பா மகள் இங்கிலாந்தில் டர்ஹாம் என்ற ஊருக்குப் போய் ஒரு வருடம் எம்.எஸ்சி. படித்துவிட்டு வந்தாள். வங்கியில் கல்விக் கடன், அது போதாமல் வீட்டுப் பத்திரம், அதுவும் போதாமல் சித்தப்பாவிடம் கைமாற்று. அந்தச் சித்தப்பா மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு ரோலிங் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறான். அக்கா திரும்பி வந்த பிறகு வீட்டில் எல்லோரும் லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து போட்டோ பார்த்தார்கள். தம்பி ஒன்றுதான் கேட்டான்.

"ஏன்க்கா, ஆயிரம் வருஷத்துக் கோயிலு, ஆறு, கோட்டை... எல்லாம் அந்த ஊருலயே இருக்கு. நம்ம ஊருல ஏன் ஒண்ணுமே இல்ல?"

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. "அடுத்த ஞாயித்துக்கிழமை உனக்கு ஷிப்ட் இருக்காடா?" என்று மட்டும் கேட்டாள்.

டர்ஹாம் எப்படிப்பட்ட ஊர்?

இங்கிலாந்தில் 'கதீட்ரல் சிட்டி' என்று சில ஊர்களைச் சொல்வார்கள். கதீட்ரல் என்றால் வெறும் பெரிய சர்ச் இல்லை, ஆயரின் இருக்கை உள்ள கோயில். மதுரை என்றால் மீனாட்சி, ஸ்ரீரங்கம் என்றால் ரங்கநாதர் என்பது மாதிரி, அந்த ஊர்களில் கோயில்தான் முதலில், ஊர் அதைச் சுற்றி வளர்ந்தது. ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு கேன்டர்பரி தெரிந்திருக்கும். அங்கே தாமஸ் பெக்கெட் என்ற பேராயரை 1170-ல் கோயிலுக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். அவர் சமாதிக்கு யாத்திரை போகிறவர்களை வைத்துத்தான் சாசர் தன் கதைகளை எழுதினார். சாலிஸ்பரி இன்னொரு ஊர். அதன் கோபுரம் 123 மீட்டர், பிரிட்டனிலேயே உயரமான சர்ச் கோபுரம். 1215-ஆம் ஆண்டு மேக்னா கார்ட்டாவின் மிஞ்சியிருக்கும் நான்கு பிரதிகளில் ஒன்று அங்கே இருக்கிறது.

டர்ஹாம் இவற்றுக்கு வடக்கே, ஸ்காட்லாந்து போகும் வழியில் இருக்கிறது. வியர் என்ற ஆறு ஒரு குன்றை மூன்று பக்கமும் சுற்றி வளைத்துக்கொண்டு ஓடுகிறது. குன்றின் மேல் கதீட்ரல், எதிரே கோட்டை. கதீட்ரலை 1093-ல் கட்ட ஆரம்பித்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் முடிந்து எண்பது வருடங்கள் கழித்து என்று வைத்துக்கொண்டால் தமிழர்களுக்குக் காலம் சுலபமாகப் பிடிபடும். 1986-ல் அதையும் கோட்டையையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அக்கா அங்கே போன முதல் வாரம் எல்லா டூரிஸ்டும் செய்வதைத்தான் செய்தாள். கதவில் இருக்கும் வெண்கல வளையத்தைப் போட்டோ எடுத்தாள். (இப்போது கதவில் தொங்குவது நகல். அசல் உள்ளே பத்திரமாக இருக்கிறது.) குற்றம் செய்துவிட்டு ஓடி வந்தவன் அந்த வளையத்தைப் பிடித்துத் தட்டினால் 37 நாள் அடைக்கலம் கொடுப்பார்களாம். அதற்குள் அவன் வழக்கைச் சந்திக்கத் தயாராக வேண்டும், இல்லையென்றால் நாட்டைவிட்டுப் போக வேண்டும். உள்ளே புனித கத்பர்ட் சமாதி, பீட் என்ற பழைய சரித்திர ஆசிரியரின் சமாதி, ஆயர்களின் பெயர் பொறித்த கற்கள். எங்கே காலை வைத்தாலும் ஒரு பெரிய மனிதரின் பெயர்!

ஆனால் அவளை யோசிக்க வைத்தது இவை எதுவும் இல்லை. அவள் தினமும் புத்தகம் எடுக்கப் போன நூலகத்துக்குப் பக்கத்தில் கிடந்த எலும்புகள்.

காபிக்கடை கட்டத் தோண்டிய இடம்

கதீட்ரலுக்கு எதிரே இருக்கும் புல்வெளிக்குப் பேலஸ் கிரீன் என்று பெயர். அங்கே பல்கலைக்கழகத்தின் பழைய நூலகம் இருக்கிறது. 2013 நவம்பரில் அதற்கு ஒரு காபிக்கடை கட்டுவதற்காகத் தோண்டினார்கள். மண்ணுக்குள் மனித எலும்புகள் வந்தன. ஒன்றிரண்டு இல்லை, குறைந்தது 17 பேருடையவை. பெட்டி இல்லை, கல் இல்லை. இரண்டு குழிகளில் ஒருவர் மேல் ஒருவராகப் போட்டு மூடியிருந்தார்கள். எல்லோரும் ஆண்கள், பெரும்பாலும் வாலிப வயது.

ஆராய்ச்சி செய்து, 2015-ல் முடிவு சொன்னார்கள். இவர்கள் 1650 செப்டம்பர் 3-ஆம் தேதி நடந்த டன்பார் போரில் குரோம்வெல் படையிடம் பிடிபட்ட ஸ்காட்லாந்து வீரர்கள். போரில் பிடித்தவர்களைச் சோறில்லாமல் தெற்கே நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சுமார் 3,000 பேர் டர்ஹாமுக்கு வந்து சேர்ந்தார்கள். அப்போது கதீட்ரலில் வழிபாடு இல்லை, கட்டடம் சும்மா கிடந்தது. எனவே அதையே ஜெயிலாக்கிவிட்டார்கள். குளிராலும் பசியாலும் வயிற்றுக்கடுப்பாலும் சுமார் 1,700 பேர் இறந்தார்கள். அடைக்கலம் கொடுப்பதற்கென்று கதவில் வளையம் மாட்டிய அதே கோயிலில்!

பிழைத்தவர்களில் ஒரு பகுதியைக் கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்பி விற்றார்கள். மாசசூசெட்ஸில் சாகஸ் என்ற இடத்து இரும்பு உருக்காலையில் அவர்களில் பலர் பல வருடம் கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது.

முந்நூற்று அறுபது வருடங்களுக்கு மேலாக இவர்களுக்கு டர்ஹாமில் ஒரு கல் கிடையாது. அவர்களுக்கு மேலே நின்று டூரிஸ்டுகள் கதீட்ரலைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எலும்பு கிடைத்த பிறகு ஊர் விழித்துக்கொண்டது. கண்காட்சி வைத்தார்கள், கிடைத்த இடத்தில் பெயர்ப்பலகை வைத்தார்கள். 2018 மே மாதம் டர்ஹாமிலேயே ஒரு கல்லறைத் தோட்டத்தில் முறையாக அடக்கம் செய்தார்கள். ஸ்காட்லாந்து மண்ணைக் கொண்டு வந்து குழியில் போட்டார்கள்.

இதை அக்கா வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஊரில் கேட்டவர்கள் எல்லோரும் குளிர் எவ்வளவு, சாப்பாடு கிடைத்ததா, வேலை கிடைக்குமா என்றுதான் கேட்டார்கள்.

மெட்ராஸுக்கு மூத்த ஊர்

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி, இரண்டாவது ஸ்டேஷனான பொன்னேரியில் இறங்கி, பழவேற்காடு பஸ் பிடித்தார்கள். பொன்னேரியிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள்தான். இருபத்தாறு வருடம் பக்கத்திலேயே இருந்த தம்பி அதுவரை அங்கே போனதில்லை. அவனுக்குப் பழவேற்காடு என்றால் நண்டு. சனிக்கிழமை மார்க்கெட்டுக்கு வரும் நண்டு எங்கிருந்து வருகிறது என்று மட்டும் தெரியும்.

உண்மையில் இந்த ஊரின் கதை மெட்ராஸின் கதையைவிடப் பழையது. விஜயநகர அரசர்கள் காலத்திலேயே அது பெரிய துறைமுகம். மலாக்காவுக்கும் அதற்கு அப்பாலும் துணி போகும், அங்கிருந்து வாசனைச் சரக்கு வரும். அரபு நாட்டுத் தொடர்புள்ள முஸ்லிம் வணிகர்கள் இருந்தார்கள். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியர் வந்தார்கள். அங்குள்ள மகிமை மாதா கோயிலின் தொடக்கத்தை 1515 என்று சொல்கிறார்கள்.

பிறகு டச்சுக்காரர்கள். 1610-ல் பண்டகசாலை வைத்தார்கள். இரண்டு வருடத்தில் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் அதை அடித்து நொறுக்கினார்கள். உடனே டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டையே கட்டிவிட்டார்கள். கட்டிய அதிகாரியின் சொந்த மாகாணம் ஹாலந்தில் கெல்டர்லாந்து. அதனால் கோட்டைக்குப் பெயர் கெல்ட்ரியா. 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கடற்கரையில் டச்சுக் கம்பெனியின் தலைமையிடம் பழவேற்காடுதான். அங்கே நாணயம் அடித்தார்கள், வெடிமருந்து ஆலை வைத்திருந்தார்கள்.

ஆங்கிலேயர்களும் இங்கே காலூன்றப் பார்த்தார்கள். டச்சுக்காரன் விடவில்லை. வடக்கே ஆர்மகான் என்கிற துர்காராஜபட்டினத்துக்குப் போனார்கள். அங்கேயும் சரிப்படாமல்தான் 1639-ல் சென்னைப்பட்டினத்து மணலில் இடம் வாங்கினார்கள். பழவேற்காட்டில் இடம் கிடைத்திருந்தால் மெரினா எங்கே இருந்திருக்கும், சென்ட்ரல் எங்கே இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். 1825-ல் பழவேற்காடு கடைசியாக ஆங்கிலேயர் கைக்குப் போனபோது மெட்ராஸ் பெரிய நகரமாகிவிட்டது. மூத்த ஊர் மீன்பிடிக் கிராமமாகிவிட்டது.

கோட்டை இருந்த இடத்தைத் தம்பி தேடினான். புதர் மண்டிய மேடும் அகழியின் மிச்சமும்தான் இருந்தன. "இதுவாக்கா கோட்டை?" என்றான். "இதேதான். உங்க மில்லுல ஸ்கிராப் யார்டு இதைவிட நல்லா இருக்கும்ல?" என்றாள் அக்கா. இருவரும் சிரித்தார்கள்.

எலும்புக்கூடு வாசல்

டச்சுக் கல்லறைத் தோட்டம் அப்படி இல்லை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் சுற்றுச்சுவரோடு இருக்கிறது. வழி கேட்டால் ஊர்க்காரர்கள் "எலும்புக்கூடு வாசலா? நேரா போங்க" என்கிறார்கள். நுழைவாயிலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கின்றன. செத்துப்போவாய் என்பதை மறக்காதே என்று வருகிறவனுக்குச் சொல்லும் ஐரோப்பிய வழக்கம். நம் ஊர் ஐயனார் கோயில் வாசலில் குதிரை மாதிரி இங்கே எலும்புக்கூடு என்றான் தம்பி.

உள்ளே கருங்கல் பலகைகள் தரையோடு தரையாகப் படுத்திருக்கின்றன. சில சமாதிகள் கூர்நுனித் தூண்களாகவும் சில குவிமாடங்களாகவும் எழும்பி நிற்கின்றன. எழுத்து டச்சு மொழியில். மேலே குடும்பச் சின்னம், தலைக்கவசம், பூவேலை. பதினேழாம் நூற்றாண்டில் செதுக்கியது நேற்று முடித்தது போல இருக்கிறது. வயதை எழுதும்போது வருடம், மாதம், நாள் வரை கணக்குப் போட்டு எழுதுவது டச்சுக்காரர் பழக்கம். கம்பெனி உத்தியோகஸ்தர்கள், அவர்கள் மனைவிகள், குழந்தைகள். காய்ச்சலும் பேதியும் பணக்காரன் ஏழை பார்க்கவில்லை. பிறந்த ஊரிலிருந்து பல மாதக் கடல் பயணத்தில் வந்து, இந்த மணலில் செத்துப்போன மனிதர்கள். அவர்களுக்காகப் பரிதாபப்படாமல் இருக்க முடியாது.

தம்பிக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டது. செல்போனில் நாற்பது போட்டோ எடுத்தான். "டர்ஹாம் மாதிரியே இருக்குல்ல?" என்றான்.

"ஆமாடா. எல்லாத்துலயும் அதே மாதிரிதான்" என்றாள் அக்கா. அப்போதுதான் அந்தக் காபிக்கடைக் குழியைப் பற்றிச் சொன்னாள். சொல்லிவிட்டு, பழவேற்காட்டின் இன்னொரு ஏற்றுமதியைப் பற்றியும் சொன்னாள்.

கல் இல்லாதவர்கள்

டச்சுக் கம்பெனி இங்கிருந்து துணி மட்டும் அனுப்பவில்லை. மனிதர்களையும் அனுப்பியது. 1619-ல் அவர்கள் ஜாவாவில் படேவியா நகரத்தை (இன்றைய ஜகார்த்தா) உண்டாக்கினார்கள். 1621-ல் ஜாதிக்காய் விளையும் பாண்டா தீவுகளைப் பிடித்து, அங்கிருந்த மக்களில் பெரும்பாலோரைக் கொன்றும் விரட்டியும் முடித்தார்கள். பிறகு உழைக்க ஆள் வேண்டும். சோழமண்டலக் கரையில் பஞ்சம் வரும்போதெல்லாம் ஆள் மலிவாகக் கிடைத்தது. பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சம் வந்த வருடங்களில் பழவேற்காடு, நாகப்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகக் கப்பலேறினார்கள். பெற்றவர்களே பிள்ளைகளை விற்றதும் உண்டு, தன்னைத்தானே விற்றுக்கொண்டவர்களும் உண்டு. ஆள் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்த உள்ளூர்த் தரகர்களும் இருந்தார்கள். எல்லாப் பழியையும் கப்பல்காரன் மேல் மட்டும் போட்டுவிட முடியாது.

இவர்களைப் பற்றிச் சரித்திர ஆசிரியர்களுக்குத் தெரிய வந்தது கம்பெனிக் கணக்குப் புத்தகங்களிலிருந்துதான். அரிசி மூட்டை, துணிக் கட்டு மாதிரி இத்தனை தலை என்று எண்ணிக்கை. பெயர் எழுத வேண்டிய தேவை அந்தக் கணக்குக்கு இல்லை. கம்பெனி அதிகாரியின் குழந்தைக்கு நாள் கணக்கில் வயது எழுதிய அதே ஊர்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஸ்காட்லாந்துக்காரங்களை இரும்பு ஆலைக்குத்தானே வித்தாங்கன்னு சொன்ன?" என்று கேட்டான்.

"ஆமா."

"எங்க மில்லுல போன வருஷம் ஒரு ஆளு செத்துப்போனான்க்கா. ஒடிசாக்காரன். பர்னஸ்கிட்ட. ரெண்டு வருஷம் என் ஷிப்ட்லதான் இருந்தான். எல்லாரும் 'பையா, பையா'ன்னுதான் கூப்பிடுவோம். கான்ட்ராக்டர் அட்டெண்டன்ஸ்ல நம்பர்தான் இருக்கும். ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது பேப்பர்ல எழுதுனாங்களே, அப்பதான் அவன் பேரையே பார்த்தேன்."

அக்கா பேர் என்ன என்று கேட்டாள். தம்பி சொன்னான். ஊர் பெயரையும் சொன்னான், வீட்டில் எத்தனை பேர் என்றும் சொன்னான். பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்கிறான் போலிருக்கிறது. செத்த பிறகு.

அடிமைக் கப்பலும் கான்ட்ராக்ட் கூலியும் ஒன்றா என்று யாராவது கேட்டால், ஒன்று இல்லை. கும்மிடிப்பூண்டிக்கு வருகிற தொழிலாளி டிக்கெட் எடுத்து ரயிலில் வருகிறார், சம்பளம் வாங்குகிறார், தீபாவளிக்கோ துர்கா பூஜைக்கோ ஊருக்குப் போகிறார். ஆனால் ஒரு ஊர் யாருடைய உழைப்பில் நடக்கிறதோ அவர்களுடைய பெயரைத் தெரிந்துகொள்ளாமலே இருந்துவிட முடியும் என்பது மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான்.

துணி மறக்கவில்லை

பழவேற்காட்டின் பெயரை இன்னொரு பொருள் நானூறு வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறது. அதுவும் நெசவாளியின் கை வேலைதான். தமிழ்நாட்டில் தாத்தாக்கள் 'பழையகாட் கைலி' என்று ஒன்று கட்டுவார்கள். கட்டம் போட்ட லுங்கி. அந்தப் 'பழையகாட்' இந்தப் பழவேற்காடுதான். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் அதே கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலிகட்' என்று பெயர். காயின் என்றால் மலாய் மொழியில் துணி.

அக்காவுக்கு இது டர்ஹாமில்தான் தெரிந்தது. விடுதியில் ஒரு மலேசிய மாணவன் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கட்டியிருந்த கைலியைப் பார்த்து, "எங்க தாத்தா கட்டுற மாதிரியே இருக்கே" என்றாள். அவன் பெயரைச் சொன்னான். பெலிகட் என்பது இந்தியாவில் ஏதோ ஒரு ஊர் என்றும் சொன்னான். அந்த ஊர் தன் வீட்டிலிருந்து ஒரு ரயில், ஒரு பஸ் தூரம் என்பது அவளுக்கு இரவு கூகுளில் தேடியபோதுதான் புரிந்தது.

பழவேற்காடு இறந்தவர்களின் ஊர் மட்டும் இல்லை. ஆதிநாராயணப் பெருமாள் கோயிலின் செம்பாறாங்கல் சுவர்களில் விஜயநகர காலத்துச் சின்னச் சின்னச் சிற்பங்கள் இருக்கின்றன. சின்ன பள்ளிவாசலில் சூரியக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. வெயில் இருந்தால் மணி பார்க்கலாம். முஸ்லிம் பெண்கள் பனை ஓலையில் கூடையும் பெட்டியும் பின்னுகிறார்கள். "எடுத்துப் பாரும்மா, வாங்கலன்னாலும் பரவாயில்ல" என்று கையில் கொடுத்துவிடுவார்கள். கையில் எடுத்த பிறகு வாங்காமல் வருவது கஷ்டம்.

பின்னால் ஏரி. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்புநீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் ராக்கெட் போகிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் வருகின்றன. மீனவர்கள் 'பாடு' என்ற பழைய முறைப்படி, எந்தக் கிராமம் எந்த இடத்தில் எந்த நாள் வலை போடுவது என்று முறை வைத்து மீன் பிடிக்கிறார்கள். அந்த முறையில் எல்லாச் சமூகத்துக்கும் பங்கில்லை என்பதும் பழைய வழக்கம்தான். முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டால் ஏரிக்குக் கடல் தண்ணீர் வராது, இறால் வராது. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் வந்தால் கரை அரிக்கும், ஏரி கெடும் என்று மீனவர்கள் எதிர்த்து வந்திருக்கிறார்கள். கோட்டைக்கு வந்த கதி ஏரிக்கும் வரக்கூடாது என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது.

போகிறவர்கள் கவனத்துக்கு

சென்னையிலிருந்து போகிறவர்கள் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கி பஸ் பிடிக்கலாம். காலையிலேயே கிளம்புவது நல்லது, வெயில் கடுமை. முதலில் கல்லறைத் தோட்டம், பிறகு பெருமாள் கோயில், பள்ளிவாசல், மகிமை மாதா கோயில், கடைசியில் பாலம் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் என்று போனால் அலைச்சல் இல்லை. படகில் போகலாம் என்று யாராவது கூப்பிட்டால் யோசிக்க வேண்டும். 2011 டிசம்பர் 25-ஆம் தேதி கிறிஸ்துமஸ் அன்று சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுகளுக்குத் தடை போட்டார்கள். பூநாரையைக் கரையிலிருந்து பார்த்தாலும் அழகுதான்.

கல்லறைக் கற்களில் உட்காருவது, பெயர் கிறுக்குவது வேண்டாம். அவையும் யாரோ ஒருவரின் பிள்ளைகள்.

டர்ஹாமை உலகம் பார்க்க வருவது 1093-ல் வைத்த கல்லுக்காகத்தான். ஆனால் அந்த ஊர் 2018-ல் செய்த காரியத்துக்கு ஆயிரம் வருடக் கோயில் தேவையில்லை. இங்கே இருந்தார்கள், இப்படிச் செத்தார்கள் என்று ஒரு பலகையில் எழுதி வைக்க மனசு இருந்தால் போதும். பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறையைக் காப்பாற்றுவது நல்ல காரியம். கப்பலேறிப் போனவர்களுக்காக ஏரிக்கரையில் தமிழில் ஒரு பலகை வைப்பதற்கு அதில் நூறில் ஒரு பங்குகூடச் செலவாகாது. திருவள்ளூர் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளை வருடம் ஒரு முறை பஸ்ஸில் கூட்டிப் போய் இரண்டையும் காட்டலாம். எலும்புக்கூடு வாசலையும் காட்டலாம், கல் இல்லாதவர்கள் இறங்கிப் போன தண்ணீரையும் காட்டலாம்.

அதற்கு அரசாங்கம் மனசு வைக்க வேண்டும், நாளாகும். நாளாகாத வேலை ஒன்று உண்டு. அந்தத் தம்பி இப்போது தன் ஷிப்டில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது நம்பருக்குப் பக்கத்தில் பெயரையும் எழுதுகிறான். ஒடியா பெயர்களைத் தமிழில் எழுதுவதில் தப்பு வருகிறதாம். சம்பந்தப்பட்டவர்களையே கேட்டுத் திருத்திக்கொள்கிறானாம்.